நிபந்தனை பதினேழு

கொடைக்கு அனுமதி கேட்டு
ஒன்பது தடவை ஸ்டேஷனுக்கு நடந்தேன்.
பி.காம் படித்தவன் என்பதால்
வரிக்கணக்கும் என் தலையில், மனுவும் என் தலையில்.

பத்தாம் தடவை கிடைத்தது
முன்னும் பின்னும் அச்சடித்த தாள்.
நிபந்தனைகள் இருபத்திரண்டு.
கூம்புக் குழாய் கூடாது.
எட்டடிக்கு மேல் பேனர் கூடாது.
பொங்கலிடும் அடுப்புகளின் எண்ணிக்கை தரவேண்டும்.
வில்லுப்பாட்டுக்காரி பாடப்போகும் கதையை
முன்கூட்டியே எழுதித் தரவேண்டும்.
தந்தோம்.
"இதுக்கு ஆதாரம்?" என்றார் ரைட்டர்.

பதினேழாவது:
நிகழ்ச்சிகள் அனைத்தும்
இரவு பத்து மணிக்குள் முடிக்கப்பட வேண்டும்.

எங்கள் சுடலை
பன்னிரண்டுக்கு முன்னால் வந்ததே கிடையாது.
பந்தம் பிடித்து, வேட்டைக்குப் போய்,
மயானச் சாம்பலோடு திரும்புகிற சாமி.
"கொஞ்சம் வெள்ளன வரச் சொல்லுங்கடே அவுகளெ"
என்றார் ரைட்டர்.
கேலி மாதிரி இல்லை. முகம் அலுத்துக் கிடந்தது.
அவர் தலைக்கு மேலேயும்
ஒரு தாள் தொங்கிக்கொண்டிருக்கும்.

திட்டலாம்தான்.
ஆனால் நாலாவது நிபந்தனையில்
என் வாய் பாதியில் நின்றுவிடுகிறது:
ஊர்வலம் பொதுப்பாதையில் செல்வதை
எவரும் தடுக்கக் கூடாது.

என் அப்பா காலத்தில்
மேலத்தெருவில் எங்கள் மேளம் ஒலிக்கக் கூடாது.
செருப்பு காலில் இருக்கக் கூடாது.
மாப்பிள்ளை காரில் உட்காரக் கூடாது.
எந்தத் தாளிலும் இல்லை அதெல்லாம்.
எழுதாததால்
அடித்துத் திருத்த முடியாத சட்டம்.
பேச்சிமுத்துச் சித்தப்பா
நாலு வருசம் அலைந்து
ஆர்.டி.ஓ. கையெழுத்திட்ட ஒற்றைத் தாளோடு
சேரன்மகாதேவியிலிருந்து கடைசி பஸ்ஸில் இறங்கினார்.
மறு கொடைக்கு, இரண்டு வேன் போலீஸ் நடுவே,
மேலத்தெருவில் முதல் அடி விழுந்தது.
அடித்தவன் கை நடுங்கி
தாளம் தப்பியதாம்.
அந்தத் தப்பிய தாளத்தைப் பற்றி
இன்றைக்கும் பேசுகிறார்கள்.

போன கொடையில்
ஒன்பது ஐம்பதுக்கு மைக் செட்டை அணைத்தோம்.
வில்லுக்காரி சலங்கையை அவிழ்த்தாள்,
கதையில் மாடன் இன்னும் கயிலாயத்தை விட்டே இறங்கவில்லை.
சந்தனம் காயக் காய
சுடலைக்கண்ணு மாமா பீடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.
மேளம் இல்லாமல் எப்படி வரும்?
பிள்ளைகள் தூங்கின.
டீக்கடைக்காரர் பாய்லரைக் கவிழ்த்தார்.
பந்தோபஸ்துக்கு வந்த ஆவுடைத்தங்கம்,
எங்கள் பிள்ளைகள் வயதுதான் இருக்கும் அந்தக் காவலருக்கு,
மணியைப் பார்ப்பதும் கொட்டாவி விடுவதுமாக.

பன்னிரண்டே காலுக்கு
மாமா எழுந்தார்.
கொட்டு இல்லை, குலவை இல்லை.
தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.
பந்தத்தை எடுத்துக்கொண்டு
மயானப் பாதையில் நடந்தார்.
நாங்கள் இருநூறு பேர்
வாயைப் பொத்திக்கொண்டு பின்னால்.
அவ்வளவு பயங்கரமாகச் சாமி வந்து
நான் பார்த்ததில்லை.
ஆவுடைத்தங்கம் தாளை டார்ச் அடித்துப் படித்தாள்.
நடக்கக் கூடாது என்று எங்குமில்லை.
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அவளும் வந்தாள்.
'பத்து மணிக்கு அமைதியாக முடிந்தது'
என்று அறிக்கை கொடுத்திருக்கிறாள்.

இந்த வருசத் தாள் நேற்று வந்தது.
நிபந்தனைகள் இருபத்து மூன்று.
புதியதை
இன்னும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

சித்தப்பா லேமினேட் போட்டு வைத்திருந்த பழைய தாளை
பரணிலிருந்து இறக்கினேன்.
இரண்டையும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
இரண்டின் நெற்றியிலும் அதே கோபுரம்.
கீழே அதே பச்சை மை.